டிசம்பரில் புறாத்தீவு வேண்டாம்

நீச்சல் தெரியாத மனைவியையும் எட்டு வயது மகளையும் டிசம்பர் விடுமுறையில் இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியிலிருந்து, பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவுக்குப் படகில் அழைத்துப் போகலாமா, அங்கே சுறா இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுறாவை விடுங்கள். அவை துடுப்பு நுனி கறுத்த பவளப்பாறைச் சுறாக்கள். சீண்டாதவரை ஆளைக் கண்டதும் பெரும்பாலும் அவையே விலகிப் போகும். மாதம்தான் சிக்கல். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கடலைக் கலக்கிவிடும். சிறுபடகில் குழந்தையோடு அந்த அலையில் ஏறவே ஏறாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை போனால் நீர் தெளிந்திருக்கும், காலைக் கடல் அமைதியாக இருக்கும்.

அப்போதும் உயிர்காப்பு அங்கி மகளின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்: தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அங்கி காதுவரை ஏறக்கூடாது. நீருக்கடியில் பார்க்க அணியும் மாஸ்க்கைப் பட்டியில்லாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் நீர் புகாது. கரையெங்கும் உடைந்த பவளத் துண்டுகள் கிடப்பதால் ரப்பர் செருப்பு அவசியம். தயவுசெய்து உயிருள்ள பவளத்தின்மேல் யாரும் கால் ஊன்ற வேண்டாம். ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

டிசம்பரை மாற்ற முடியாதென்றால் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்குப் போங்கள். அந்தப் பருவத்தில் அங்கே கடல் பொதுவாக அடங்கியிருக்கும், கரையருகிலேயே ஆமைகளைப் பார்க்கலாம், நீரில் இறங்கத் தயங்குபவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு.