வீட்டில் செருப்பு ஒட்டும் வேலை: ஆய்வாளர் வந்தால் என்ன பார்ப்பார்?

கேள்வி: வீட்டில் உட்கார்ந்து செருப்புக்கு மேல்பாகம் ஒட்டித் தருகிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளர் வீட்டுக்குள் வரலாமா? வேலையை நிறுத்திவிடுவாரா?

பதில்: உள்ளே வரலாமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டுப் பரிந்துரை, அந்தரங்கம் பற்றிய உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, வேலை நடக்கும் பகுதிக்குள் ஆய்வாளர் வரலாம் என்கிறது. அதனால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்; தயங்க வேண்டாம். உங்களுக்கோ, குடும்பத்துக்கோ, அக்கம்பக்கத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்றால், அதைச் சரிசெய்யும்வரை வேலையை நிறுத்தவும் அந்தப் பரிந்துரை இடம் தருகிறது.

சரி, அவர் முதலில் பார்ப்பது பசை டின்னைத்தான். நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் வேலை செய்த பலருக்குக் கை கால் மரத்து, நடை தளர்ந்தது. பசையில் இருந்த ஹெக்சேன் என்ற, எளிதில் ஆவியாகும் கரைப்பான் நரம்பைக் கெடுத்திருந்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். தரையில் உட்கார்ந்து ஒட்டும் உங்களுக்கும், பக்கத்தில் தவழும் குழந்தைக்கும்தான் அது முதலில் போய்ச் சேரும். அடுப்பை எட்டினால் தீயும் பிடிக்கும். ஆகவே ஜன்னல், கதவு இரண்டையும் திறந்து காற்று குறுக்கே ஓடும்படி உட்காருங்கள். அடுப்பு எரியும்போது ஒட்ட வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் அறையில் எப்போதுமே வேண்டாம். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, அதை நம்பாதீர்கள்.

டின்னில் லேபிள் இருக்கிறதா? சிறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மூல டின்னையே கேளுங்கள். பசையின் ஆபத்தையும் பாதுகாப்பு முறையையும் சொல்ல வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று அதே பரிந்துரை சொல்கிறது. ஆய்வாளரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். குற்றம் முழுக்க உங்கள் தலையில் விழக் கூடாது.

அப்புறம் ஒன்று. கால் விரல், கை விரல் மரத்தால், பிடித்த பொருள் நழுவினால், அன்றே ஒட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் பலவீனம் கூடலாம், பயப்படாதீர்கள். என்ன பசை என்று அவருக்குத் தெரிய வேண்டும்; டின்னின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.