தைராய்டு புற்றுநோய் ஆபரேஷன்: வீட்டில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள்

அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை வார்டில் 27 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பத்து வருடம் தைராய்டு நோயாளிகள் அதிகம் வரும் வார்டு. ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது, வீட்டில் யார் என்ன செய்வது என்று கேளுங்கள், சொல்கிறேன். மருந்து அளவையும் ஆபரேஷன் வேண்டுமா என்பதையும் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

திண்டுக்கல், கணவர்: மனைவிக்கு 38 வயது. ஊசி டெஸ்டில் பாப்பிலரி என்று வந்திருக்கிறது. அடுத்த வியாழன் ஆபரேஷன். நான் என்ன தயார் செய்யணும் சிஸ்டர்?

முதலில் ஒன்று. தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவை பாப்பிலரி வகைதான். மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகவே கேட்கும். அந்தத் தைரியத்தோடு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரே ஃபைல் போடுங்கள். ஊசி டெஸ்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குரல் நாண் பார்த்த ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில். சாப்பிடும் மாத்திரைகளைப் பட்டியல் எழுதாமல் அட்டையோடு கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, ஆஸ்பிரின், நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுத்தால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

துணியில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு. தலை வழியாகப் போடும் எதுவும் வேண்டாம். தலையணை இரண்டு. ஆபரேஷனில் கழுத்தைப் பின்னால் சாய்த்தே வைத்திருப்பதால் பிடரி வலிக்கும்.

அப்புறம் தாலி. கழுத்தில்தான் கத்தி படப்போகிறது, எதுவும் இருக்கக் கூடாது. காலையில் தியேட்டர் வாசலில் நாங்கள் கழற்றச் சொல்லும்போது அழாத பெண்ணை நான் பார்த்தது குறைவு. முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் விளக்கேற்றி, உங்கள் கையாலேயே கழற்றி, கைக்குட்டையில் முடிந்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூக்குத்தி, கொலுசு, நகச்சாயம், மருதாணி. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

முதல் ராத்திரி கூட இருப்பவர் தூங்கக் கூடாது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, கழுத்து வீங்குதா, இறுக்குதா, மூச்சு வாங்குதா. உள்ளே ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாய்ப் பக்கம் அழுத்தும், நிமிஷக் கணக்குதான். இரண்டு, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கா. தைராய்டை ஒட்டி அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை அசதியானால் கால்சியம் இறங்கும். இது அடுத்த நாளோ மூன்றாம் நாளோகூட வரலாம், வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கணவர் என் மேஜைக்கு வந்தார். "சாயங்காலம் கழுத்துல தாலிக்கயிறு பட்ட தடம் தெரிஞ்சது சிஸ்டர். இப்போ தெரியல" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தடம் வீக்கத்துக்குள் போயிருந்தது. ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன், அரை மணிக்குள் மறுபடி தியேட்டர். அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார். அந்த மனிதர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். தன் மனைவியின் கழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சேலம்: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் சாப்பிடலாமா?

சமைத்துச் சாப்பிடலாம்.

கும்பகோணம், மருமகள்: ஆபரேஷனுக்கு முன்னாடியே அயோடின் உப்பை நிறுத்திடணுமா? மாமியாருக்கு இப்பவே இந்துப்பு போட்டுச் சமைக்கிறேன்.

இப்போது வேண்டாம். சாதாரணச் சாப்பாடே போடுங்கள், உடம்பில் தெம்பு வேண்டும். அயோடின் குறைத்த சாப்பாடு, ரேடியோ அயோடின் சிகிச்சை (ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்து) தேவைப்பட்டால் அதற்கு முன் ஓரிரு வாரத்துக்கு மட்டும். அது எல்லோருக்கும் தேவைப்படாது. சொன்னால் அப்போது அயோடின் சேர்க்காத உப்பு, கடல் மீன் இல்லை, பால் தயிர் இல்லை, முட்டை மஞ்சள் கரு இல்லை.

திருநெல்வேலி, மகள்: அம்மாவுக்கு 64 வயது. பூ வியாபாரம். தைராய்டு கட்டி என்றுதான் சொல்லியிருக்கோம், புற்றுநோய் என்று சொல்லவில்லை. பிரஷர் இருக்கு, தாங்க மாட்டாங்க. வார்டிலும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?

வழி சொல்ல மாட்டேன் கண்ணு. சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். "கழலை, எடுத்துட்டா சரியாயிடும்" என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருந்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சில வாரம் கழித்து ரேடியோ அயோடின் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும் நாட்களில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம். பாட்டிக்குக் காரணம் தெரியாது. மூன்றாம் நாள் கதவருகே வந்து நின்று, "எனக்கு என்ன ஒட்டுவியாதியா? பிள்ளைங்க என்னை இங்க விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு இன்றும் அந்தக் குரல் மறக்கவில்லை. வியாதியைவிட அந்த மூன்று நாள்தான் அவரை உடைத்தது.

ஈரோடு, மகன்: சிஸ்டர், மன்னிக்கணும். புத்தகத்துக்கு இது சரி. என் அப்பாவிடம் (அவருக்கு நுரையீரல்) டாக்டர் நேராகச் சொன்னார். மறுநாளிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பார்.

உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன் தம்பி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவரிடம் எப்படிச் சொன்னார்கள்? நின்றபடி ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்களா? அப்படிச் சொல்வதும் தப்புதான். "உங்க ரிப்போர்ட்டைப் பத்தி எல்லாம் சொல்லட்டுமா, இல்லை பிள்ளைகளிடம் பேசிக்கட்டுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். "நீங்களே பார்த்துக்கங்க" என்று அவரே சொன்னால் அது அவர் முடிவு. கேட்காமல் நாம் முடிவெடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சென்னை, பெண்: நான் நோயாளி. 45 வயது. என்னிடம் எட்டு மாதம் மறைத்தார்கள். லிஃப்டில் என் ஃபைலை நானே திறந்து படித்தேன். வியாதிக்கு அழவில்லை. வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும், எதிர் வீட்டு மாமி வரைக்கும், தெரிந்திருந்ததற்கு அழுதேன்.

ஈரோட்டுத் தம்பி, இதைப் படியுங்கள். நான் சொல்வதைவிட இந்த அம்மா சொல்வது மேல்.

ஈரோடு, மகன்: படித்தேன். என் அப்பா விஷயத்தில் என் மனசு மாறவில்லை. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

சரி தம்பி.

நாகர்கோவில்: அண்ணனுக்கு மெடுல்லரி என்கிறார்கள். இதுவும் பாப்பிலரி மாதிரிதானா?

இல்லை. இது வேறு வகை. சுமார் நான்கில் ஒருவருக்குப் பரம்பரையாக வருவது. அண்ணனுக்கு ஆர்.இ.டி. மரபணு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்களா என்று கேளுங்கள். மாற்றம் இருந்தால் நீங்களும் அவர் குழந்தைகளும் பரிசோதிக்க வேண்டும், உங்களுக்கும் இருந்தால் உங்கள் குழந்தைகளும். ஆபரேஷனுக்கு முன், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இல்லை என்று உறுதி செய்யவும் வேண்டும். அது இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே பிரஷர் எகிறும்.

கோவை: குரல் போயிடுமா?

குரல் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. சில நாள் கரகரப்பு பலருக்கு இருக்கும். நிரந்தரமாகப் போவது அபூர்வம்.

விழுப்புரம்: என் தங்கை டீச்சர். குரல் போயிடுமா சிஸ்டர்?

கோவைக்குச் சொன்னதேதான். டீச்சர் என்பதை சர்ஜனிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: பாட்டுப் பாடுபவருக்குக் குரல்...

மேலே இரண்டு பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கடலூர்: காப்பீட்டுத் திட்டத்தில் வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுக் கவுண்டருக்குப் போங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு போனால் ஒன்றும் நடக்காது.

வேலூர்: தைராய்டு மாத்திரையை காபியோடு போடலாமா?

கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபிக்கு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி.

மதுரை: எல்ட்ராக்சினும் (தைராய்டு மாத்திரை) ஷெல்காலும் (கால்சியம்) ஒன்றாகவே கொடுத்துவிடுகிறோம், மறந்துபோகுது என்று.

இப்போதுதானே சொன்னேன்! நான்கு மணி நேரம். கால்சியம் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. தைராய்டு மாத்திரை தலைமாட்டில், கால்சியம் சாப்பாட்டு மேஜையில். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

காஞ்சிபுரம்: ஆபரேஷன் அன்று காலை ஒரு வாய் காபி?

கூடாது. பால் சேர்ந்தால் அது சாப்பாடு, ஆறு மணி நேரக் கணக்கு. வெறும் தண்ணீர் எதுவரை என்று மயக்க மருத்துவர் சொல்வார்.

திருநெல்வேலி, மகள்: சிஸ்டர், நேற்று ராத்திரி சொல்லிட்டேன். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாங்க. கை நிற்கவில்லை. அந்தச் சரம் முடியும்வரை பேசவில்லை. அப்புறம், "ஆஸ்பத்திரில கையெழுத்து யார் போடணும், நானா நீயா?" என்று கேட்டாங்க. என்ன சொல்ல?

அவங்கதான் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் ஒப்புதல் படிவத்தை டாக்டர் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஃபைலையும் அவர் கையிலேயே கொடுங்கள். பூ விற்கக் கூவுகிறவர் என்று சர்ஜனிடம் அவரே சொல்லட்டும்.