சின்ன விமானங்கள் எரிபொருள் இல்லாமல் விழுவது எப்படி?

“மீட்டர் இருக்கும்போது ஒரு விமானி எரிபொருள் தீரும்வரை எப்படிக் கவனிக்காமல் இருப்பார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன விமானம் ஓட்டப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், மீட்டரை நம்புவதுதான் பாதிப் பிரச்சினை. இறக்கைக்குள் இருக்கும் டேங்க் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், விமானம் கொஞ்சம் சாய்ந்தாலே எரிபொருள் ஒரு பக்கமாக ஓடி முள்ளும் ஆடும். அதனால்தான் கிளம்பும் முன் டேங்க் மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கச் சொல்வார்கள். பறக்க ஆரம்பித்த பிறகு, எவ்வளவு நேரம் பறந்தோம் என்று காட்டும் கடிகாரம்தான் எரிபொருள் கணக்கு.

எனக்கு மனம் ஆறாதது இன்னொரு வகை. விமானத்தில் எரிபொருள் இருக்கும், இன்ஜினுக்குப் போயிருக்காது. செஸ்னா 172இல் இரண்டு டேங்கிலிருந்தும் சேர்த்து எடுக்கலாம். பைப்பர் செரோக்கியில் அப்படி முடியாது, இடது இல்லையென்றால் வலது, விமானிதான் நேரம் பார்த்து மாற்றிக்கொண்டே வரவேண்டும். பேச்சிலோ மோசமான வானிலையிலோ கவனம் போய்விட்டால் ஒரு டேங்க் வறண்டு இன்ஜின் நின்றுவிடும், அடுத்த டேங்கில் நிறைய மிச்சம் இருக்கும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் இறந்த விபத்தைப் பாருங்கள். அவருடைய லாங் ஈஇசட் என்ற, தனிநபர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் வகைச் சின்ன விமானத்தில் டேங்க் மாற்றும் கைப்பிடி, அதைக் கட்டியவர் வைத்தபடி, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. எரிபொருள் மீட்டர்களும் இருக்கைக்குப் பின்னால்தான், அதைப் பார்க்க ஒரு தொழில்நுட்பர் அவருக்குச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கைப்பிடியைத் திருப்ப உடலை முறுக்கும்போது கால் தற்செயலாக ரடர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம்வலமாகத் திருப்புவது) அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும் என்றது விசாரணை. கிளம்பும் முன் எரிபொருள் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்வது என்று நினைக்காதீர்கள். 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஆண்டுக்கு சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் நடந்தன, அந்த விமானிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள். அங்கே பகலில் கண்பார்வையில் பறப்பதற்கு விதி கேட்கும் எரிபொருள் கையிருப்பு 30 நிமிடப் பறத்தலுக்கானது, இரவில் 45. எதிர்க்காற்று கொஞ்சம் கூடினாலோ, இன்ஜினுக்குப் போகும் காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருளைச் சரியாகக் குறைக்காமல் ஓட்டினாலோ அது எங்கே போனதென்றே தெரியாது. நான் கையிருப்பை ஒரு மணி நேரத்துக்குக் குறைய விடமாட்டேன்.

அப்புறம், நல்ல உயரத்தில் இன்ஜின் நின்றால் வேகத்தைச் சரிசெய்து, டேங்கை மாற்றி, எரிபொருள் பம்ப்பைப் போட்டால் பெரும்பாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் எரிபொருள் வந்து சேரச் சில நொடிகள் ஆகும், ஓடுபாதையை நெருங்கித் தாழ்வாக வரும்போது அந்த நொடிகள் கையில் இருக்காது. அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே, உயரம் இருக்கும்போதே, அதிகம் இருக்கிற டேங்குக்கு மாற்றிவிட வேண்டும்.