கடலுக்கு அப்பால் இருந்த அமெரிக்காவை ஸ்பெயின் மன்னர் எப்படி ஆண்டார்?

காகிதத்தால் ஆண்டார் என்பதே என் பதில். குடியேற்றக் காலத்தின் 300 ஆண்டுகளில் எந்த ஸ்பெயின் மன்னரும் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. 1524இல் அமைந்த 'இந்தியாஸ்' மன்றம் (அமெரிக்கக் குடியேற்றங்களை ஸ்பெயின் அப்படித்தான் அழைத்தது) அரசவையில் இருந்தபடியே சட்டம் இயற்றியது. மெக்சிகோவிலும் (1535) பெருவிலும் (1542) மன்னர் சார்பில் ஆளும் அரசப் பிரதிநிதி ஆட்சிகள் நிறுவப்பட்டன. கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும்.

அதனால் பிறந்த வழக்கம் வியப்பானது. பொருந்தாத ஆணை வந்தால், அதிகாரி அதைப் பயபக்தியோடு தலைமேல் வைத்து, "கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை" என்பார். இது கலகமன்று, மன்னரிடம் மறுபரிசீலனை கோரும் சட்டபூர்வ வழி.

மன்னரும் பிடியைத் தளர்த்தவில்லை. பதவிக்காலம் முடிந்ததும் அதிகாரிமீது விசாரணை நடக்கும். பாதிக்கப்பட்டோர், பழங்குடியினர் உட்பட, முறையிடலாம். ஆனாலும் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய உழைப்பில் மடிந்தவர்களை இந்தச் சட்டங்கள் காக்கவில்லை.