வலது தோளில் உருளும்போது கழுத்து எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஐ.டி. வேலை. ஐந்து மாதங்களாகப் போல் டான்ஸ் (கம்ப நடனம்) வகுப்புக்குப் போகிறேன். கம்பத்தில் ஏறுவதைவிடத் தரையில் செய்யும் ஃப்ளோர்வொர்க்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம் பின்பக்க ஷோல்டர் ரோல், அதாவது மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கி ஒரு தோள் வழியாகப் பின்னால் உருளும் அசைவு, செய்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் வலது பக்கம் திரும்பவே முடியவில்லை. இரவில் வலது தோள்மீது படுத்தால் வலிக்கிறது. டாக்டரிடம் தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். “உடம்பைத் தளர்த்திவிட்டுக் காலை வேகமாக வீசுங்கள், தானாக உருண்டுவிடும்” என்கிறார் பயிற்சியாளர். கணவர் நிறுத்தச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: நீங்கள் நடனத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் முதல் வேலையாக அதே டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தூக்கத்தில் சுளுக்கியது என்றால் அவர் தசைப்பிடிப்புக்கு மருந்து எழுதுவார். மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கி, உடல் எடை கழுத்துப் பக்கம் வரும்படி உருண்டேன் என்றால் கையின் பலத்தையும் தொடு உணர்ச்சியையும் சோதிப்பார். போல் டான்ஸ் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற பயிற்சி என்று சொன்னாலும் போதும். எப்படி உருண்டீர்கள் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வெட்கப்பட வேண்டிய எதையும் செய்யவில்லை.

கை மரத்துப்போவது, விரல் வரை சுரீரென்று இழுப்பது, பிடித்த பொருள் நழுவுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். இதுவரை அறியாத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலியோடு தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவதும், தண்டுவடம் நெரிபடுவதும் அரிதுதான். ஆனால் காத்திருந்து பார்க்கக்கூடிய விஷயங்கள் அல்ல அவை. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், இத்தகைய பிடிப்பு பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை உருளும் பயிற்சி எதுவும் வேண்டாம்.

இனி உங்கள் பயிற்சியாளர் சொன்னது. அந்த அறிவுரையை நான் அழுத்தமாக மறுக்கிறேன். கழுத்தில் உள்ள 7 எலும்புகளும் அவற்றின் இடையே உள்ள தட்டுகளும் (டிஸ்க்) சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குவதற்கானவை. உடம்பைத் தளர்த்திக் காலை வீசினால், வேகத்தோடு வரும் இடுப்பும் காலும் அந்த 7 எலும்புகளின்மேல்தான் இறங்குகின்றன. அந்த நேரத்தில் கழுத்து முன்னால் மடங்கியும் பக்கவாட்டில் திரும்பியும் இருக்கிறது. மடக்கம், திருக்கு, சுமை மூன்றும் ஒன்றுசேர்வது கழுத்துத் தட்டுகளுக்கு மிக மோசமான நிலை. கைகளுக்குப் போகும் நரம்புகள் கிளம்புவதும் அதே இடத்திலிருந்துதான்.

வலது தோள் வழியாக உருளும்போது முகம் இடது பக்கம் திரும்ப வேண்டும்; இடது காது இடது தோளை நோக்கிச் சற்றுச் சாய வேண்டும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளால் தரையை நன்றாக அழுத்துங்கள். முழங்கால்கள் இரண்டும் வலது காதைத் தாண்டி, வலது தோளுக்கு மேலாகப் போக வேண்டும். எடை இறங்க வேண்டிய இடம் தோள்பட்டையின் பின்புறச் சதை. கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்போ, தோளின் உச்சியில் உள்ள எலும்பு முனையோ தரையில் இடித்தால் பாதை தவறிவிட்டது என்று பொருள். தோளின் உச்சியில் இடித்தால் காறை எலும்பு மூட்டு கன்றிப்போகும். நேர் பின்னால், நடுத்தலை வழியாகப் போவது அதைவிட ஆபத்து. தலையை இடது பக்கம் எல்லைவரை இழுத்துப் பிடிப்பதும் தவறு. வலது தோள் கீழே அழுந்த, தலை எதிர்ப்பக்கம் இழுபட்டால், கைக்குப் போகும் நரம்புக் கற்றை நீண்டு மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும்.

சரியாகச் செய்கிறீர்களா என்பதை நீங்களே சோதிக்கலாம். இடுப்பு மேலே இருக்கும்போது பாதியில் நின்று தலையைச் சிறிது அசைத்துப் பாருங்கள். அசைந்தால் எடை தோளில் இருக்கிறது. தலை தரையோடு மாட்டிக்கொண்டால் எடை கழுத்தில் இருக்கிறது. அப்படியே வந்த வழியே திரும்பி இறங்குங்கள். பாதியில் நிற்க முடியாத ரோலை இன்னும் முழுதாகச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேகம் போட்டால்தான் உருள முடிகிறது என்றால் வயிற்றுத் தசைக்கும் தோள்பட்டைக்கும் இன்னும் பலம் வரவில்லை. முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்கும் பாதி ரோலையே சில வாரங்கள் செய்யுங்கள். 1882-இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில் இன்றும் புதியவர்கள் விழவும் உருளவும் கற்ற பிறகுதான் எதிராளியைத் தூக்கி எறியக் கற்கிறார்கள். அங்கேயும் உருளும் கோடு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகத்தான் போகிறது, முதுகெலும்பின்மேல் அல்ல.

உடையையும் கவனியுங்கள். கம்பத்தில் பிடிமானத்துக்குத் தோல் வெறுமையாக இருக்க வேண்டும். தரையில் நேர்மாறு. வியர்த்த தோள் மரத்தரையில் ஒட்டிக்கொண்டால் உடம்பு மட்டும் முன்னே போய்க் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தோளை மூடும் பருத்திச் சட்டை போடுங்கள். கம்பத்திலிருந்து விழுந்தால் தாங்குவதற்கான தடித்த மெத்தையில் உருளாதீர்கள். தலை அமிழ்ந்து சிக்கிக்கொள்ளும். கெட்டியான மெல்லிய விரிப்பு போதும். உச்சிக் கொண்டை வேண்டாம். முடியைப் பக்கவாட்டில் பின்னிக்கொள்ளுங்கள், ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள். உயர ஹீல்ஸ் காலின் எடையைக் கூட்டி வீச்சை அதிகமாக்கும். வெறுங்காலில் நிதானமாக வரும் வரை அதைத் தொட வேண்டாம்.

தோளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் படுத்தால் வரும் இரவு வலி, தோள் மூட்டைச் சுற்றியுள்ள 4 சிறு தசைகளின் நாண்கள் எரிச்சலடைந்திருப்பதைக் காட்டலாம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி உயரத்தில் வலித்து, மேலே போனதும் குறைகிறதா என்று பார்த்து பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். அவர் அனுமதித்த பிறகு, சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கி, பிறகு சுவரைத் தள்ளி விரியுங்கள். தினம் 10 முறை.

நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்திருந்துவிட்டு மாலையில் வகுப்புக்குப் போகிறவருக்கு மேல்முதுகு இறுகியிருக்கும். முதுகு வளையாத பங்கையும் கழுத்துதான் வளைந்து ஈடுகட்டுகிறது. ஆகவே வகுப்புக்கு முன் சுருட்டிய துண்டை மேல்முதுகின் குறுக்கே வைத்துச் சில நிமிடங்கள் மல்லாந்து படுங்கள். தலையைக் கையால் இழுத்து நீட்ட வேண்டாம்; நெற்றியிலும் பக்கங்களிலும் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் 5 விநாடி எதிர்த்து அழுத்தினால் போதும்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. டாக்டர் சொல்வதை அவரும் உடனிருந்து கேட்கட்டும். பயிற்சியாளரிடம், “நான் நிறுத்தி நிறுத்தித்தான் செய்வேன், என் காலைப் பிடித்துத் தள்ள வேண்டாம், இடுப்பை மட்டும் தாங்குங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வேறு வகுப்பு தேடுங்கள்.

கழுத்து இரண்டு பக்கமும் வலியின்றிச் சமமாகத் திரும்பிய பிறகு மறுபடி தொடங்கலாம். முதலில் பாதி ரோல், அதுவும் வகுப்பின் தொடக்கத்தில், களைப்பு வருவதற்கு முன். வீடியோவுக்காகத் திரும்பத் திரும்பச் செய்வது வேண்டாம். தோளிலிருந்து நெஞ்சு வழியாக இறங்கும் ஃபிஷ் ஃப்ளாப் என்ற அசைவு, கவிழ்ந்து கைகளை ஊன்றி உடலை மெதுவாகத் தரைக்கு இறக்கும் பலம் வந்த பிறகுதான். அந்தப் பலம் இல்லாமல் இறங்கினால் தாடை தரையில் மோதிக் கழுத்து பின்னால் மடங்கும்.