வால் கடிக்கும் பன்றிகளும் தாழ்ப்பாள் திறக்கும் பெட்டையும்

கேள்வி: ஐயா, செய்யாறு பக்கம் எட்டு மாதமாக வெண்பன்றி வளர்க்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்றரை மாத வயதில் 14 உருப்படிகள். இரண்டு வேளை தீவனம், வேளைக்கு இருபது நிமிடத்தில் தின்றுவிடும். சிமெண்டுத் தரை, தினமும் மூன்று வேளை கழுவி விடுகிறோம். பத்து நாளாக ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறுகின்றன. நான்குக்கு வால் பாதி போய்விட்டது. ஒன்றுக்குச் சீழ் வைத்திருக்கிறது. தீவனக் கடைக்காரர் 1,850 ரூபாய்க்கு ஒரு லிட்டர் டானிக் கொடுத்தார் (லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன்), கடி குறையவில்லை. மீதி வால்களையும் வெட்டிவிடச் சொல்கிறார். இது போக, ஒரு பெட்டை மூஞ்சியாலேயே கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுகிறது. ‘அதுதான் மற்றதைக் கெடுக்கிறது, முதலில் அதைக் கறிக்கு அனுப்பு’ என்கிறார் கடைக்காரர். வால் வெட்டலாமா? எந்த மருந்து நல்லது? அந்தப் பெட்டையை விற்றுவிடவா?

பதில்: தம்பி, முதலில் சீழ் வைத்த உருப்படி. அதை இன்றைக்கே தனி அறைக்கு மாற்றி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ஊசி போடுங்கள். வாலில் ஏறும் சீழ் வாலோடு நிற்பதில்லை. முதுகெலும்பு வழியாக மேலே போய், ஒருநாள் காலையில் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் எழாமல் கிடக்கும். அப்புறம் எந்த ஊசியும் பயன்படாது. ஊசி போட்ட பன்றியை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மூன்றின் புண்ணுக்கு வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுங்கள். ஈ மொய்க்காது, கசப்புக்கு மற்றவை வாய் வைக்கவும் யோசிக்கும். கடிப்பது எது என்று அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைப் பிரித்து வையுங்கள்.

வால் வெட்டலாமா என்றால், வேண்டாம். மூன்றரை மாதத்து வாலில் எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயும் முழுசாக வளர்ந்திருக்கும். கொறடாவால் வெட்டினால் கடிபட்ட புண் நான்கோடு வெட்டுப்பட்ட புண் பத்தும் சேரும். ரத்த வாடைக்கு மற்றவை இன்னும் வெறியாகும். பிறந்த வாரத்தில் குட்டிகளுக்கு வால் நறுக்குவது பல பண்ணைகளில் உண்டு, நானும் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்பு ஒரு பண்ணைக்காரர் வற்புறுத்தி, ஒரு ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் நறுக்கினேன். மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் வாலில் ஒரு காயம் இல்லை, எல்லாக் குட்டிக்கும் காது கிழிந்திருந்தது. அன்றைக்குக் கத்தரியைப் பைக்குள் வைத்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமாக வால் நறுக்குவதற்கே தடை. அதே சட்டம் பன்றிக்குக் கிளற வைக்கோல், மரத்தூள் போல ஏதாவது எப்போதும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தது சும்மா இல்லை.

‘எந்த மருந்து’ என்று கேட்டீர்கள். பதினாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்கின்றன என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கணக்குப்படி இரண்டு வேளைத் தீவனம், வேளைக்கு இருபது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் கழுவித் துடைத்த சிமெண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கம் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்று இரண்டு ஆய்வாளர்கள், பண்ணைப் பன்றிகளைக் கொண்டுபோய் மரமும் புதரும் ஓடையும் உள்ள, வேலி அடைத்த ஒரு திறந்த இடத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிலில் வளர்ந்த பன்றிகள். தீவனமும் தினம் போட்டார்கள். அப்படியும் பகல் நேரத்தில் பாதிக்கு மேல் அவை மண்ணைக் கிளறுவதிலும் மேய்வதிலுமே போக்கின. படுத்துக் கிடந்த நேரம் நூற்றில் ஆறு பங்கு. வயிறு நிறைந்த பன்றியும் கிளறத்தான் செய்யும் என்பதைக் கவனியுங்கள். பசிக்காக மட்டும் கிளறுகிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மூக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நுனியில் தட்டாக, குருத்தெலும்பு போல ஈரமாக இருக்கும். உள்ளே தனியாக ஒரு சிறு எலும்பு இருக்கிறது, மண்வெட்டிக்கு இரும்பு முனை வைத்த மாதிரி. மோப்பமும் சாதாரணமில்லை. வாசனை பிடிக்கும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400 வேலை செய்கின்றன, பன்றிக்கு ஆயிரத்துக்கு மேல். ஐரோப்பாவில் மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைத் தேடப் பன்றியைத்தான் கூட்டிப்போனார்கள். கண்டுபிடிப்பதில் குறையே இல்லை. கண்டுபிடித்ததைத் தின்றுவிடுவதும், வேரைக் கிளறி நாசம் செய்வதும்தான் தொல்லை. கடைசியில் இத்தாலி 1985இல் பன்றியை வைத்துத் தேடவே தடை போட்டுவிட்டது. ஜெர்மனியில் 1980களில் லூயிஸ் என்ற காட்டுப்பன்றி போலீசில் போதைப்பொருளை மோந்து பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட மூக்கைச் சிமெண்டின் மேல் வைத்திருக்கிறீர்கள். அசைவதாக, மென்மையாக, கடித்தால் பதில் கொடுப்பதாக அந்த அறைக்குள் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்துப் பன்றியின் வால்.

எனவே வைக்கோல். நான் வைக்கோல் பைத்தியம் என்று என்னைத் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஒரு பன்றிக்கு நாளைக்கு இரண்டு பெரிய கைப்பிடி, காலையில் ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று. பிற்பகல் பிடியை விடாதீர்கள், கடிப்பது அப்போதுதான் அதிகம் என்பது என் அனுபவம். மொத்தமாக ஒரு கட்டைப் போட்டுவிட்டு வாரம் முழுக்க மறந்துவிடுவது பயன்படாது. சாணமும் சிறுநீரும் பட்ட வைக்கோலைப் பன்றி திரும்பிப் பார்க்காது, அதற்குப் புதிது வேண்டும். வைக்கோல் விலை ஏறியிருந்தால் கரும்புச் சோகை, நறுக்கிய வாழைத்தண்டு, வேரில் மண்ணோடு பிடுங்கிய கோரை, கடலைக்கொடி எதுவும் சரி. கடலைக்கொடியில் மட்டும் பூஞ்சை இருந்தால் அப்படியே எருக்குழிக்குப் போகட்டும், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பச்சைத் தென்னை மட்டை ஒன்றைச் சுவரில் பன்றியின் கண் உயரத்துக்குக் கட்டிவிட்டுப் பாருங்கள், இரண்டு நாளில் நாராக்கிவிடும். சிலர் சங்கிலி தொங்கவிடுகிறார்கள், பழைய டயர் போடுகிறார்கள். சங்கிலி உடையாது, தின்ன முடியாது, ஒரு வாரத்தில் சலித்துவிடும். டயருக்குள் கம்பி இருக்கிறது.

‘வைக்கோல் போட்டால் வாய்க்கால் அடைக்கும்’ என்பீர்கள். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். வாய்க்கால் முகத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு வலை வையுங்கள். இரண்டு பிடியில் பாதி வயிற்றுக்குள்தான் போகும்.

இப்போது அந்த டானிக். லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்லது செய்தீர்கள். பி-காம்ப்ளெக்ஸ், கொஞ்சம் தாது உப்பு, நிறைய இனிப்பு, ஒரு குதிரைப் படம். வைட்டமின் குறைவால் வந்த கடி என்று யார் பார்த்துச் சொன்னது? உப்போ புரதமோ குறைந்தால் வால் கடிக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தீவனக் கலவையைப் பார்க்க வேண்டும்: நூறு கிலோ தீவனத்துக்கு உப்பு அரைக் கிலோ, புண்ணாக்கோ சோயாவோ போதுமான அளவு. ஓட்டல் கழிவு போடுகிறீர்கள் என்றால் அதிலேயே உப்பு ஏராளம், மேலே உப்புக்கட்டி வைத்துத் தண்ணீரும் குறைந்தால் உப்பு விஷமேறி வலிப்பு வரும். ஓட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் போடவே போடாதீர்கள். கழிவில் கிடக்கும் பன்றிக் கறி வழியாகவும் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்த நாளிலிருந்து இதில் அலட்சியத்துக்கு இடமில்லை. அதற்குத் தடுப்பூசி போட்டுத் தப்பிக்கலாம் என்று நம் கடைகளில் யாராவது எதையாவது நீட்டினால் கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் கடையில் வைக்கோல் விற்பதில்லை, அவ்வளவுதான். 1,850 ரூபாய்க்கு எத்தனை கட்டு வைக்கோல் வரும் என்று உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள்.

இடமும் நெருக்கம். 120 சதுர அடியில் 14 என்றால் ஒன்றுக்கு எட்டரை. கூரைக்குக் கீழே குறைந்தது பத்து, வெளியே திறந்த இடமாக அதே அளவு வேண்டும். மூன்றை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். தொட்டி நீளம் எழுதவில்லை. ஒரு பன்றிக்கு ஓரடி வீதம் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் வைக்க முடிய வேண்டும். பன்றி வரிசையில் நிற்கும் சாதி இல்லை. அடிக்கடி தள்ளப்படும் பன்றி சூழ்ச்சி கற்றுக்கொள்ளும். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தீவனம் ஒளித்த இடம் ஒரு சின்னப் பன்றிக்கு மட்டும் தெரியும். பெரியது அதன் பின்னாலேயே போய்ப் பிடுங்கித் தின்னும். கொஞ்ச நாளில் சின்னது என்ன செய்தது? பெரியது அருகில் இல்லாத, பார்க்காத நேரமாகப் பார்த்து அந்த இடத்துக்குப் போக ஆரம்பித்தது. உங்கள் அறையில் இந்தச் சூழ்ச்சிக்கு இடமில்லை. பின்னால் நிற்பது கையில் கிடைப்பதை, அதாவது முன்னால் தின்பவனின் வாலைக் கடித்து நகர்த்தும்.

மூன்று வேளை கழுவுவதையும் நிறுத்துங்கள். சுத்தம் என்று நினைத்து நீங்களே அவற்றின் ஒழுங்கைக் கெடுக்கிறீர்கள். இடம் கொடுத்தால் பன்றி படுக்கும் இடத்தில் சாணம் போடாது. குளிர்ந்த, ஈரமான மூலையைத் தேடிப் போய்த்தான் போடும். அறை முழுக்க ஈரமாக்கிவிட்டால் எல்லா இடமும் கக்கூஸ்தான். சாணம் எங்கே விழ வேண்டுமோ அந்த மூலையை மட்டும் நனையுங்கள், படுக்கும் பக்கம் காயட்டும். ஒரு வாரத்தில் வேலைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். வெயில் ஏறினால் மட்டும் இது தலைகீழாகும். பன்றிக்கு வியர்த்துக் குளிராது, அதனால் ஈரத்தைத் தேடி அந்தச் சாணத்திலேயே போய்ப் படுக்கும். அதற்குத் திறந்த பகுதியில் ஒரு சேற்றுக் குழி வெட்டுங்கள். தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் உலர்ந்துவிடும், உடம்பில் அப்பிய சேறு வெகுநேரம் மெல்ல உலர்ந்து குளிர்ச்சி கொடுக்கும். சேற்றில் புரள்வதைப் பார்த்துவிட்டு அழுக்குப் பிராணி என்கிறோம், அதற்கு அது மின்விசிறி.

ஒரு பழக்கம் சொல்கிறேன், செலவில்லாதது. காலையில் தீவனம் போட்டதும், தலைகள் தொட்டிக்குள் இருக்கும்போது பின்னால் நின்று வால்களை மட்டும் பாருங்கள். சுருண்டு மேலே நின்றால் சரி. தின்னும் நேரத்திலும் ஒன்றிரண்டு வாலைத் தொடைக்குள் இடுக்கி வைத்திருந்தால், கடி தொடங்கப் போகிறது அல்லது தொடங்கிவிட்டது. ரத்தம் தெரிவதற்குப் பல நாள் முன்பே இது தெரியும்.

இனி உங்கள் பெட்டை. ‘பன்றிதானே, அதற்கென்ன தெரியும்’ என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் குரங்குகளுக்காகச் செய்த ஜாய்ஸ்டிக்கைப் பன்றிகளிடம் கொடுத்தார்கள். மூஞ்சியால் அதைத் தள்ளித் திரையில் ஒரு புள்ளியை நகர்த்திக் குறியைத் தொட வேண்டும். நான்கு பன்றிகளும் கற்றுக்கொண்டன. அதில் இரண்டு உங்கள் கொட்டிலில் இருக்கும் வெண்பன்றி மாதிரியே யார்க்ஷயர் இனம். தீனி போடும் கருவி பழுதானபோது, ‘நல்லா பண்றே’ என்று வாயால் சொன்னதற்கே தொடர்ந்து விளையாடின. இந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதே வருடம் வந்த செக் நாட்டு ஆய்வு ஒன்றில், கூண்டில் மாட்டிய இரண்டு இளம் காட்டுப்பன்றிகளை வெளியிலிருந்து ஒரு பெட்டை வந்து, கதவை அடைத்திருந்த கட்டைகளைத் தள்ளி விடுவித்ததைக் கேமராவில் பார்த்தார்கள். உங்கள் பெட்டை செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். 

கடிப்பது அவளா என்று நீங்கள் பார்த்ததாக எழுதவில்லை. கடைக்காரர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவளைப் புரட்டிக் காம்பை எண்ணுவேன். நல்ல காம்பு பன்னிரண்டுக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் சீராக இருந்து, கால் உறுதியாக இருந்தால் இனப்பெருக்கத்துக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். குட்டி போடும் முன் நாளில் அவளுக்கு ஒரு கட்டு வைக்கோல் தாருங்கள். சிமெண்டிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வாயால் கவ்விக் கொண்டுபோய்க் கூடு கட்டுவாள். வைக்கோல் இல்லாவிட்டால் வெறும் தரையைக் காலால் சுரண்டிக்கொண்டே இருப்பாள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

தாழ்ப்பாளுக்கு: இப்போதுள்ளது பக்கவாட்டில் தள்ளும் கொண்டி என்று நினைக்கிறேன். அதை வெளிப்பக்கமாக, மூஞ்சி எட்டாத உயரத்தில் மாற்றி, துளையில் ஒரு ஆணியைச் சங்கிலியோடு மாட்டுங்கள். மாட்டும்போது அவளைப் பக்கத்து அறையில் அடைத்துவிட்டு மாட்டுங்கள்.