ஒரே ராத்திரியில் 300 பதில்

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களின் முதுகுவலி பற்றி பிஎச்.டி.க்காக கூகுள் ஃபார்மில் சர்வே எடுக்கிறேன். பதில் சொன்னால் 100 ரூபாய் ரீசார்ஜ் என்று ஃபேஸ்புக்கில் போட்டேன், ஒரே ராத்திரியில் 300 பதிலுக்கு மேல் வந்துவிட்டது. ஐ.பி. முகவரியை வைத்துப் போலிகளைப் பிரித்துவிடலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: முதலில் அந்த லிங்கை மூடுங்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வந்து சமைத்துப் போட்டுவிட்டுப் படுக்கிற பெண்கள் இத்தனை பேர் நடுராத்திரியில் வரிசையாக ஃபார்ம் நிரப்பினார்கள் என்றால் நம்புகிற மாதிரி இல்லை. பொது இடத்தில் லிங்க், பக்கத்திலேயே காசு, இது போதும் பாட்களையும் (தானாகவே ஃபார்ம் நிரப்பும் புரோகிராம்கள்) ரீசார்ஜ் வேட்டைக்காரர்களையும் கூப்பிட.

ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, கூகுள் ஃபார்ம் உங்களுக்குக் காட்டாது. காட்டுகிற வேறு மென்பொருளில் எடுத்திருந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது, ஏனென்றால் ஒரே ஹாஸ்டல் வைஃபையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே முகவரிதான் தெரியும், மொபைல் நெட்வொர்க்கிலும் பல பேருக்கு ஒன்றே வரும். ஒரே போனை வாங்கி மூன்று அக்காமார்கள் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கவும் கூடும். உங்கள் ஷீட்டில் பதில் அனுப்பிய நேரம் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். சில வினாடி இடைவெளியில் தொடர்ந்து வந்தவை, வயது 22 அனுபவம் 15 வருடம் என்கிறவை, சொந்தமாக எழுதச் சொன்ன இடத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருபவை, இல்லை ஏஐ எழுதிய மாதிரி மழமழவென்று இருப்பவை. இதில் ஒன்று மட்டும் இருந்தால் தள்ளாதீர்கள், இரண்டு மூன்று சேர்ந்தால் தள்ளலாம். விதியை முதலில் எழுதி வைத்துவிட்டு, முதுகுவலிக் கணக்கை அப்புறம் பாருங்கள், இல்லாவிட்டால் பிடிக்காத பதிலெல்லாம் போலியாகத் தெரியும். எத்தனையைத் தள்ளினீர்கள், ஏன் என்பது தீசிஸில் வரவேண்டும்.

உள்ளூர்க் கேள்வி போட்டுப் பிடிக்கலாம் என்று "ஆம்பூர் எந்த மாவட்டம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2019-லேயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் பழக்கத்தில் வேலூர் என்று எழுதுவார்கள், பாட்தான் சரியாக எழுதும்! கட்டிங்கா, ஸ்டிச்சிங்கா, அங்கே உட்கார்ந்து வேலையா நின்று வேலையா என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த தடவை தெரிந்த சூப்பர்வைசர், மகளிர் குழு வழியாக ஆளுக்கொரு கோட் நம்பர் கொடுத்து லிங்கை அனுப்புங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற செட்டிங் இருக்கிறது, ஆனால் அதற்கு ஜிமெயிலில் உள்ளே வரவேண்டும், பத்து ஜிமெயில் வைத்திருப்பவனை அது தடுக்காது. சரிபார்த்த பிறகே ரீசார்ஜ் என்று ஒப்புதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இப்போதைய 300 பேருக்கு அப்படி எழுதவில்லை என்றால், ரீசார்ஜை மறுக்கும் முன் உங்கள் கைடிடமும் எத்திக்ஸ் கமிட்டியிடமும் கேட்டுவிடுங்கள்.